சோறு, நடை, எடை: சுகர் மருத்துவத்தில் எது எவ்வளவு?

வெம்பக்கோட்டை வட்டத்துப் பட்டாசுத் தொழில் ஊரான தாயில்பட்டியில் புதிதாகச் சுகர் கண்டுபிடிக்கப்பட்ட ஒருவருக்கு நான்கு விஷயங்கள் சொல்லப்படுகின்றன. சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள், எடையைக் குறையுங்கள், மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். நான்காவது மட்டும் கையில் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. முதல் மூன்றும் சொல்லாகவே நின்றுவிடுகின்றன. “சோத்தைக் கொறைங்கக்கா” என்று சுகாதாரத் தன்னார்வலர் சொல்ல, “கொறைச்சா பசிக்குதுத்தா, பசியோட எப்படிச் சரம் பின்ன?” என்று பதில் வருவதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த மூன்று அறிவுரைகளின் உண்மையான மதிப்பு என்ன? சிலர் அவற்றை மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்கும் உபதேசமாக நினைக்கிறார்கள். வேறு சிலர் ‘உணவாலேயே சுகரை விரட்டலாம்’ என்று மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனாலும் சுவரொட்டிகளும் வீடியோக்களும் குறையவில்லை. இரண்டு தரப்பையும் சான்றுகளின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு அயல்நாட்டு ஆய்வுகளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. சென்னையிலேயே வலுவான சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது, டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சுகர் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவு நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் முறையாக மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5 சதவீதம். அந்த மெட்ஃபார்மின் அளவும் ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளைதான். ஆக, எல்லைக்கோட்டில் நிற்கிற நம் ஊர்க்காரருக்கு உணவு, நடை மாற்றம் ஒரு மாத்திரைக்குச் சமமான மருந்து. இரண்டையும் சேர்த்தாலும் கூடுதல் பலன் இல்லை.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் எடை சொல்லத்தக்க அளவு குறையவே இல்லை. எடை இறங்காமலேயே நோய் தள்ளிப்போனது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில் எடைக் குறைப்புதான் மையமாக இருந்தது. அங்கே வாழ்க்கைமுறை மாற்றம் நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது. சென்னையில் 28.5 சதவீதம். நம் பலன் சிறியது, ஆனால் அது எடைத்தட்டின் முள் நகராமலேயே கிடைத்தது. “எடை குறையலையே, பிறகு எதுக்கு இதெல்லாம்?” என்று பாதியில் விட்டுவிடுகிற எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆய்வில் ‘உணவு, நடை’ என்பதற்கு என்ன பொருள் இருந்தது என்பதும் முக்கியம். ஏற்கெனவே உடலுழைப்பு செய்கிறவர்களை அப்படியே தொடரச் சொன்னார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களை நாளுக்கு அரை மணி நேரமாவது நடக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு மாதந்தோறும் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு. மூன்று ஆண்டுகள் ஒரு மனிதர் இன்னொரு மனிதரை விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார். அறிவுரை என்னவோ எல்லாரும் கேட்டதுதான். பலன் தந்தது இந்த விடாத விசாரிப்பு என்பது என் கணிப்பு.

இதற்கு எதிர்ச்சான்று இருக்கிறதா என்று தேடினால், பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து, உள்ளூர்த் தொண்டர்களைக் கொண்டே குழுக்கூட்டங்கள் நடத்தினார்கள். 2018-இல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகளில் கூட்டங்களில் சேர்ந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் சேராதவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்லிவிட்டது. ஆட்களைச் சேர்த்த விதம் இங்கே கவனிக்க வேண்டியது: ரத்தச் சர்க்கரையை வைத்துச் சேர்க்கவில்லை, வயது, இடுப்பளவு போன்றவற்றைக் கொண்ட மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்தார்கள். சுகர் இயல்பாக இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். ஆபத்து நெருங்காதவருக்குத் தடுப்பு மருத்துவம் பலன் காட்ட இடமில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கூட்டம் போட்டால் மட்டும் போதாது, சரியான ஆளைக் கண்டுபிடித்து அவரிடம் போக வேண்டும்.

சென்னையில் இன்னொரு ஆய்வு: எடை அதிகமாக இருந்து சுகர் எல்லைக்கோட்டில் நின்ற 578 பேருக்கு வாரந்தோறும் வகுப்பு எடுத்து, போதாதவர்களுக்கு மட்டும் படிப்படியாக மெட்ஃபார்மின் சேர்த்தார்கள். 2016-இல் வந்த முடிவு, நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது என்றது. ஆனால் வகுப்புக்கு வந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. உணவே போதும், மாத்திரை வேண்டாம் என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். நல்ல வகுப்பு, நல்ல பயிற்றுநர், தாமாக முன்வந்த மக்கள், எல்லாம் இருந்தும் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேருக்கு மாத்திரையின் துணை வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் நோய் வராமல் தடுப்பது. வந்துவிட்ட நோயை என்ன செய்வது?

இங்கேதான் எடைக் குறைப்பு முன்னுக்கு வருகிறது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் நடந்த டைரெக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி அளவில் திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இறங்கியது. 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் 86 சதவீதம் பேர் அப்படி மீண்டார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆனது. ஐந்தாம் ஆண்டில் தொடர்ந்து பின்பற்றப்பட்டவர்களில் 13 சதவீதம்தான் மீட்சியில் இருந்தார்கள். எடை திரும்பி ஏறியவர்களுக்குச் சுகரும் திரும்பி வந்தது. கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்தால் இன்சுலின் சுரப்பு மறுபடி எழும் என்பது இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராய் டெய்லரின் விளக்கம். ஆய்வு அதை நன்றாகவே தாங்கிப் பிடிக்கிறது.

ஆனால் தாயில்பட்டியில் சுகர் உள்ள பலர் தடித்தவர்கள் அல்ல. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நமக்குப் பழகியது. அப்படிப்பட்டவரிடம் 15 கிலோ இறக்கச் சொன்னால் எங்கிருந்து இறக்குவார்? டெய்லர் குழுவினரே இதையும் சோதித்தார்கள். ஒல்லியான, ஆனால் நீரிழிவுள்ள 20 பேர் சராசரியாக 6.5 சதவீத எடையைக் குறைத்தபோது 14 பேர் மீண்டார்கள். 60 கிலோ உள்ளவருக்கு அது நான்கு கிலோ. எட்டக்கூடிய எண்தான். இருபதே பேர் என்பதால் அதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது என்ற அளவில் நிறுத்துகிறேன். மறுபக்கம், சென்னை டாக்டர் வி. மோகனின் குழுவினர் 19,000-க்கும் மேற்பட்ட இந்திய நோயாளிகளை வகைப்படுத்தி 2020-இல் வெளியிட்டபோது, நான்கில் ஒருவருக்கு இன்சுலின் சுரப்பே மிகவும் வறண்டிருந்தது தெரிந்தது. அந்த வகைக்காரரை எடையை இறக்கி மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆபத்து. அவருக்கு மருந்து, பல சமயம் இன்சுலின், உயிர்த்தேவை. யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது சோறு. இந்தப் பகுதியில் காலையிலேயே சமைத்து, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, கம்பெனி வேனைப் பிடிக்கிறார்கள். மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் அதைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சி: வாளியின் விளிம்பு வரை சோறு, அதில் ஊறிப்போன புளிக்குழம்போ சாம்பாரோ, மூடியில் இரண்டு கரண்டி உருளைக்கிழங்குப் பொரியலோ காரச்சேவோ. 400 கிராம் சோறு என்று வைத்தால் அதில் மாவுச்சத்து மட்டும் ஏறத்தாழ 110 கிராம். புரதம் பத்துக் கிராமைத் தாண்டினால் அதிகம். முன்னும் பின்னும் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ, மாலையில் இன்னொன்று.

21 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குள் சாப்பிடுகிறவர்களைவிட நீரிழிவு வாய்ப்பு 61 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. ஆக, சோற்றின் மீதான குற்றச்சாட்டு நிற்கிறது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் பரிகாரம் நிற்கவில்லை. ‘அரிசியை விடு, கம்புக்கும் கேழ்வரகுக்கும் கோதுமைக்கும் மாறு’ என்பதுதான் மேடைதோறும் கேட்கிறது. கரிசல் மண்ணின் கம்பும் குதிரைவாலியும் என் மனத்துக்கும் நெருக்கமானவை. கம்பில் நார்ச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு உண்டு, புரதமும் கூடுதல். ஆயினும் மாவுச்சத்து நூற்றுக்கு அறுபதுக்கு மேல் அதிலும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வுத் தரவுகளிலிருந்து 2025-இல் வெளியான முடிவு இதைத் தெளிவாக்கியது. இந்தியர் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானிய மாவோ மாற்றிச் சாப்பிட்டதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தபோதுதான் ஆபத்து இறங்கியது. சொம்பு நிறையக் கம்பங்கூழ் குடிப்பவருக்கும் வாளி நிறையச் சோறு உண்பவருக்கும் சர்க்கரை விஷயத்தில் பெரிய வேறுபாடு இருக்காது.

அப்படியானால் புரதம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை மருத்துவர்கள் நோயாளியிடம் விட்டுவிடுகிறார்கள். ரேஷன் கடையில் சாதாரண அரிசி அட்டைக்கு அதிகபட்சம் 20 கிலோ அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம் பருப்பு 1 கிலோ, 30 ரூபாய்க்கு. நால்வர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால், அந்த அரிசி ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 130 கிராம் மாவுச்சத்து தருகிறது. அந்தப் பருப்பு தருவது ஆளுக்கு 2 கிராமுக்கும் குறைவான புரதம். பசியைப் போக்கியதில் தமிழ்நாட்டின் ரேஷன் திட்டத்துக்கு இணை இல்லை, அதில் ஓர் அரிசிமணியைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் தூக்குவாளியின் விகிதம் ரேஷன் அட்டையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்றாமல் ‘நீ ஏன் இவ்வளவு சோறு சாப்பிடுகிறாய்’ என்று ஒரு தொழிலாளியைக் கடிந்துகொள்வது அநியாயம். 400 கிராம் சோறு 250 ஆகி, ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் தட்டைப்பயறோ பாசிப்பயறோ அவித்ததும் ஒரு கை முருங்கைக்கீரையும் சேர்ந்தால் பசி தாங்கும். மேலே அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: குறைக்கும்போது அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். வெறுமனே குறைத்தால் மூன்றாம் நாள் பழைய அளவே திரும்பும்.

நடையைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. தசை அசையும்போது இன்சுலின் உதவி இல்லாமலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிட நடை அந்த வேளையின் ஏற்றத்தைத் தணிக்கிறது. எடையை இறக்க நடை மட்டும் போதாது என்பதும் அதே அளவு நிச்சயம். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அறிவித்துத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் சரம் பின்னும் பெண் அங்கே எப்போது வருவார்? காலையில் தண்ணீர், சமையல், பிள்ளைகள், வேன். பகலெல்லாம் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை. பீஸ் கணக்கில் கூலி என்பதால் எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. மாலையில் வீட்டில் மறுபடி அடுப்பு, சில வீடுகளில் பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டும் வேலையும். உடம்பு நோகிறது, ஆனால் பெரிய தசைகள் வேலை செய்யவில்லை. விரல்களும் முதுகும்தான் உழைக்கின்றன. அவருக்கு ஏற்ற நடை கம்பெனி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டாக வேண்டும் என்பது வெடிபொருள் விதி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொட்டகையிலிருந்து வாசல் வரை இரண்டு மூன்று முறை போய்வர பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 2024-இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம், வேலையிடத்துக்கே வந்து ரத்தம் பார்க்கிறது. பார்த்த கையோடு இந்தப் பத்து நிமிடத்தையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்க அதனால் முடியும்.

பட்டாசு ஆலைக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டை விட்டாலோ, யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினாலோ லோ சுகர் ஆகும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். வெடிமருந்து செலுத்தும் அறையில் ஒருவருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டாம். உணவைக் குறைப்பதற்கு முன் மாத்திரை அளவை மருத்துவர் திருத்த வேண்டும். டைரெக்ட் ஆய்வில் உணவைக் குறைத்த முதல் நாளிலேயே மாத்திரைகளை மருத்துவர்கள் நிறுத்தினார்கள் என்பதை வீடியோக்கள் சொல்வதில்லை. உணவும் நடையும் தனியாக லோ சுகரைக் கொண்டுவராது, மெட்ஃபார்மினும் தனியாகப் பெரும்பாலும் கொண்டுவராது. இந்தத் தொழிலுக்கு அவை முதல் தேர்வாக இருப்பதற்கு இந்தப் பாதுகாப்பே போதுமான காரணம். இரண்டாவது, பாதம். இரும்பாணி அடித்த செருப்பு ஆலைக்குள் ஆகாது என்பதால் பலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சுகரால் பாதம் மரத்துப்போனவருக்குச் சித்திரை வெயிலில் வெறுங்கால் நடை புண்ணில் கொண்டுபோய் விடும். ஆணியில்லாத ரப்பர் செருப்பு இல்லாமல் அவரை நடக்கச் சொல்லக் கூடாது.

இன்னும் ஒன்று. சர்க்கரை இறங்கினால் இதயம் தப்பிக்குமா? அமெரிக்காவில் நீரிழிவுள்ள 5,145 பேரைப் பத்தாண்டுக்கு நெருக்கமாகப் பின்தொடர்ந்த லுக் அஹெட் ஆய்வு 2013-இல் ஏமாற்றமான பதிலைத் தந்தது. தீவிர உணவு, உடற்பயிற்சியால் எடை குறைந்தது, சுகர் மேம்பட்டது, மருந்துத் தேவை குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே பிரஷர் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் ‘சுகர் நார்மல் ஆயிருச்சு’ என்று நிறுத்த இந்த மூன்றும் அனுமதி தரவில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு உணவும் நடையும் மாத்திரைக்குச் சமம். எடை இறங்காவிட்டாலும் பலன் உண்டு. நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவருக்கு எடைக் குறைப்புதான் மூன்றிலும் வலிமையானது; மாத்திரையிலிருந்து விடுபடும் வாய்ப்பு உண்மையானது, ஆனால் நிரந்தரம் என்று யாரும் வாக்குத் தர முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டாக நோயோடு வாழ்பவருக்கும், இன்சுலின் வறண்டவருக்கும் இவை மருந்தின் துணை. மருந்துக்கு மாற்று ஆகா. சிறுதானியப் பிரசாரத்தின் பெரும்பகுதியை நான் ஏற்கவில்லை. அளவைப் பேசாத தானிய மாற்றம் பயன் தராது.

இந்த மூன்றையும் வாயால் சொல்வதை மருத்துவம் என்று ஏற்கவும் என்னால் முடியவில்லை. 2020-இல் தமிழ்நாடு முழுதும் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டில் டாக்டர் மோகனின் குழு ஒரு வேனை எடுத்துக்கொண்டு 42 கிராமங்களுக்குப் போனது. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 23,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து, மருந்தும் ஆலோசனையும் தொடர்ந்து கொடுத்தது. நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஓராண்டில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. 8.5 இன்னும் அதிகம்தான். ஆனால் ஊருக்குள்ளேயே, ஏழை உழவர்களிடையே, ஓராண்டில் கிடைத்த இறக்கம் அது.

தாயில்பட்டியில் அந்த வேனுக்குக்கூடத் தேவை இல்லை. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். அவர் பையில் ஓர் அளவு நாடா வேண்டும். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டுகிறதா என்று பார்க்க. மாத்திரைக் கணக்கு எழுதும் நோட்டில் தூக்குவாளியில் நேற்று என்ன இருந்தது என்று எழுத ஒரு பத்தி வேண்டும். ரேஷன் கடையில் பருப்பு 1 கிலோ என்பது 3 கிலோ ஆக வேண்டும். புதிதாக நோய் கண்டவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ஒரு விசாரிப்பும், உணவைக் குறைக்கத் தொடங்கிய வாரமே மாத்திரையைத் திருத்தி எழுத ஒரு மருத்துவரும் வேண்டும்.